வாரம் முழுவதற்கும் உணவுத் திட்டம், எல்லாம் வீட்டுச் சமையல்: சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இது உதவியா, சுமையா?

வளர்பிறை:
சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு வாரத்துக்கான உணவை முன்கூட்டியே தீர்மானித்து, எல்லாவற்றையும் அடிப்படைப் பொருள்களிலிருந்து வீட்டிலேயே சமைப்பதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. முதற்காரணம் உப்பு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு நாளில் 1 கிராமுக்கும் குறைவாகவும், 1 முதல் 3 வயது வரை 2 கிராமுக்கு மிகாமலும் உப்பு இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. பெரியவர்களுக்கென்று தயாரித்துப் பொட்டலத்தில் அடைத்த உணவைக் கொடுத்தால், அந்த அளவு ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடக்கூடும். வீட்டில் சமைத்தாலோ, உப்புப் போடும் முன்பே குழந்தையின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

இரண்டாவது காரணம், 2019இல் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவை, அதாவது ஆலைகளில் பல சேர்மானங்களோடு தயாராகும் உணவை, இரண்டு வாரமும், அப்படிப் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் விரும்பிய அளவு உண்ணும்படி விட்டபோது, முதல் வகையை உண்ட காலத்தில் அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாக உண்டார்கள். மாலையில் களைத்துத் திரும்பி, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்ன சமைப்பது என்று யோசிப்பவரின் கை பொட்டலத்தை நோக்கித்தான் போகும். ஆகவே அந்த யோசனையை வார இறுதியிலேயே முடித்துவிட வேண்டும் என்கிறேன்.

தேன்சிட்டு:
நீங்கள் குறிப்பிடும் ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 20 பேர், அனைவரும் பெரியவர்கள், ஆய்வு நிலையத்திலேயே தங்கியிருந்தவர்கள். இரண்டு வகை உணவையும் அவர்களுக்குத் தயாரித்துக் கொடுத்தவர்கள் வேறு ஊழியர்கள். எதை உண்பது நல்லது என்பதற்கு அந்த ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. இரவில் பலமுறை விழித்துப் பால் கொடுத்த தாய் மறுநாள் எவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க முடியும் என்பதற்கு அதில் விடை இல்லை.

மேலும், ‘எல்லாமே அடிப்படைப் பொருள்களிலிருந்து’ என்ற உங்கள் நிபந்தனையை அந்த ஆய்வு பயன்படுத்திய, உணவுகளைப் பதப்படுத்தும் அளவைக் கொண்டு பிரிக்கும் நோவா வகைப்பாடே கேட்கவில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டேரோவின் குழு உருவாக்கிய அந்த வகைப்பாட்டில் நான்கு பிரிவுகள் உள்ளன. உறைய வைத்த காய்கறியும் உலர்ந்த பயறும் கிருமி நீங்கச் சூடாக்கிய (பாஸ்டரைஸ் செய்த) பாலும் முதற்பிரிவிலேயே வருகின்றன. டப்பாவில் அடைத்த பயறு மூன்றாவது பிரிவு. ஆய்வில் சிக்கலாகத் தெரிந்தது நான்காவது பிரிவான மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு மட்டுமே. உரித்து, வெந்நீரில் சிறிது நேரம் இட்டெடுத்து உறைய வைத்த பட்டாணியைத் தவிர்த்துவிட்டு, பச்சைப் பட்டாணியை உரித்துக்கொண்டிருப்பதால் குழந்தைக்குக் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் கூடுவதில்லை.

நெடுவழி:
திட்டம் வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடே. ஏழு நாளுக்கும் ஏழு புதிய உணவு என்று எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். சிறு குழந்தையின் பசி நாளுக்கு நாள் மாறும். இன்று இரு மடங்கு உண்ட குழந்தை நாளை தட்டைத் தள்ளிவிடும். இறுக்கமான திட்டத்தில் மீந்த உணவுக்கு இடமே இருப்பதில்லை. உலகெங்கும் 2022இல் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. நான்கு நாள் சமையலை மட்டும் எழுதி, இரண்டு நாளை மீந்ததற்கும் ஒரு நாளை மிக எளிய உணவுக்கும் விடுவது போதுமானது.

ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வைத்தால் விரைவில் ஆறும். குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் பொதுவாக 3 முதல் 4 நாள் வரைதான் பாதுகாப்பு. ஆகவே ஞாயிறன்று சமைத்து வெள்ளியன்று உண்ண வேண்டியது, ஆறியவுடன் -18 டிகிரி ஃப்ரீசருக்குப் போக வேண்டும். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். சோறு வெளியே கிடக்கும்போது அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

வளர்பிறை:
பாதுகாப்பு பற்றிய குறிப்புகளை முழுமையாக ஏற்கிறேன். உறைய வைத்த காய்கறிக்கும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நெடுவழி நண்பர் சொல்வதுபோல் திட்டத்தைத் தளர்த்தினால் மிக முக்கியமான ஒன்று விட்டுப்போகும். புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள, அதை எட்டு, பத்து முறை, சில வேளை அதற்கும் மேலாகக்கூட முன்வைக்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு குறித்த ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. பெரும்பாலான பெற்றோர் அதற்கு வெகு முன்னரே, ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நினைவை மட்டும் நம்பிச் சமைக்கும் வீட்டில், மறுக்கப்பட்ட காய் மெல்ல மறைந்துபோகிறது. எழுதி வைத்த திட்டம்தான் அதைத் திரும்பத் திரும்பத் தட்டுக்குக் கொண்டுவரும்.

தேன்சிட்டு:
இந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, தோழி. இருந்தாலும் அதிலிருந்து நான் வந்து சேரும் முடிவு வேறு. மறுத்த காயைத் திரும்பக் காட்டுவதற்குப் புதிதாக ஒரு சமையல் தேவையில்லை. பழக்கமான உணவின் பக்கத்தில் வேகவைத்த இரண்டு துண்டு போதும்.

இன்னும் ஆழமான ஒரு கவலையும் எனக்கு உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும்; உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்துச் சொன்னார். இந்தப் பிரிவினையை மனதார ஏற்கும் தாய்க்குக்கூட, இரண்டு மணி நேரம் நின்று சமைத்ததைக் குழந்தை வாயில் வைக்காமல் தள்ளும்போது அமைதியாக இருப்பது கடினம். போட்ட உழைப்பு பெரிதாகப் பெரிதாக, ‘ஒரு வாய் மட்டும்’ என்ற வற்புறுத்தலும் பெரிதாகிறது. வற்புறுத்தப்பட்ட காயைக் குழந்தை மேலும் வெறுக்கிறது. கால் மணி நேரத்தில் செய்த உணவு மறுக்கப்பட்டால், யாருக்கும் காயமில்லாமல் தட்டை எடுத்துவிட முடிகிறது. குறைந்த உழைப்பில் சமைப்பதைச் சோம்பல் என்று பலர் பேசுகிறார்கள். சிறு குழந்தை உள்ள வீட்டில், சாப்பாட்டு நேரம் சண்டையாகாமல் காப்பது அதுவே என்று நான் நினைக்கிறேன்.

கார்முகில்:
ஒரு தந்தையாக எழுதுகிறேன். இதுவரை நடந்த விவாதம் அடுப்பில் செலவாகும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறது. இருப்பைப் பார்ப்பது, பட்டியல் எழுதுவது, வாங்குவது, முதல் நாள் இரவே பயறை ஊறவைப்பது, ஃப்ரீசரிலிருந்து காலையில் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் உருக வைப்பது, டப்பாக்களைக் கழுவுவது ஆகிய அனைத்தும் ஒருவர் தலையில் மட்டும் இருக்குமானால், சுவரில் ஒட்டிய அட்டவணையால் மற்றவருக்குப் பயனில்லை. புதன் இரவுக்கு ‘ராஜ்மா’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது முழுமையான திட்டமாகாது. செவ்வாய் இரவு ஊறவைப்பது யார் என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

செய்முறையும் எழுதியிருக்க வேண்டும் என்பதற்கு ராஜ்மாவே நல்ல எடுத்துக்காட்டு. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு அதிகம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 10 நிமிடமாவது நன்கு கொதிக்க வைத்தால்தான் அது அழியும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பது போதாது. வழக்கமாகச் சமைப்பவருக்கு இது தெரியும். ஒரு நாள் மட்டும் பொறுப்பேற்பவருக்குத் தெரியாது. தெரியாத நிலையிலேயே அவரை வைத்திருந்துவிட்டு, ‘நானே செய்துவிடுகிறேன்’ என்று சொல்வது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

வளர்பிறை:
கார்முகில் அவர்கள் சொல்வது நியாயம். பொறுப்பாளர் பெயரும் திட்டத்தில் இருக்கட்டும். ஆயினும் ஓர் எல்லையை நான் விட்டுத்தர மாட்டேன். உறைந்த காய்கறியும் டப்பாப் பயறும் வரலாம். பொட்டலக் குழம்புகளும் சுவையூட்டும் கட்டிகளும் குழந்தையின் தட்டுக்கு வரக்கூடாது. உப்பு அவற்றில்தான் மறைந்திருக்கிறது.

தேன்சிட்டு:
அவற்றையும் ஒட்டுமொத்தமாக விலக்க வேண்டியதில்லை. பொட்டலத்தின் மேலுள்ள சத்து விவரத்தைப் படித்து முடிவு செய்யலாம். சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 1.5 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் அதிகம், 0.3 கிராம் அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு என்பது பிரிட்டனில் வழக்கத்தில் உள்ள அளவுகோல். நீங்கள் சொல்லும் சுவையூட்டும் கட்டிகள் இதில் பெரும்பாலும் தோற்றுவிடும். டப்பாப் பயறிலும் சில தோற்கும், உப்புச் சேர்க்காதவை தேறும். ஒரு முறை உட்கார்ந்து வீட்டில் வாங்கும் பொருள்களைப் பார்த்துப் பிரித்துவிட்டால், தேறியவற்றை வாரத்தின் மிகக் கடினமான இரண்டு மாலைகளுக்கு ஒதுக்கி வைக்கலாம். அந்த இரண்டு மாலைகளையும் ‘வீட்டுச் சமையல்’ என்றே உங்கள் அட்டவணையில் எழுதுவீர்களா என்பதுதான் நமக்குள் மீதமிருக்கும் கருத்து வேறுபாடு என்று நினைக்கிறேன்.

வளர்பிறை:
எழுத மாட்டேன். ‘எளிய மாலை’ என்று தனியாக எழுதி, அவை இரண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன்.