பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடி வாங்குன அனுபவம் – பாடியும் புக்கும் பாருங்க, இஞ்சின் அப்புறம்

பீளமேட்டுலருந்து:

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கோணும்னு கேக்கறவங்க நம்ம பக்கம் இப்ப எச்சாயிட்டாங்க. எல்லாரும் மொதல்ல கேக்கறது "இஞ்சின் கண்டிஷன் எப்படிங்க" தான். என்னையக் கேட்டா இஞ்சின கடைசியா பாருங்கன்னு தான் சொல்லுவேன். கோயமுத்தூர்ல இருந்துகிட்டு இஞ்சினுக்கு எதுக்குங்க பயப்படோணும், மாருதி 800 இஞ்சின வச்சு கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் காரு கட்டுன ஊரு இது, போரிங், கிராங்க் கிரைண்டிங், புஷ் கடையறது எதுவா இருந்தாலும் நாலு தெரு சுத்துனா ஆள் இருக்கு. ஆனா பாடி துருப்புடிச்சு போன காரையும் ஆர்சி புக்கு சரியில்லாத காரையும் எந்தப் பட்டறையும் காப்பாத்த முடியாதுங்க.

நான் தேடுனது எம்ஜிபி, ரெண்டு சீட்டு, துணி டாப்பு. 1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல போட்ட வண்டி, 1798 சிசி, ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர். இதுக்கு தனியா சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாதுங்க, பாடியே தான் சேசிஸ். மேல கூரை இல்லாததால வண்டியோட மொத்த பலமும் கதவுக்கு கீழ முன்னருந்து பின்ன ஓடற பெட்டித் தகட்டுல தான் நிக்குது. அது உள்ளருந்து அரிச்சிருந்தா மேல எத்தன பெயிண்ட் அடிச்சாலும் வண்டி நடுவுல தொங்கிரும்.

ஒரு புரோக்கர் வால்பாறைப் பக்கம் எஸ்டேட்ல நிக்குதுன்னு கூட்டிட்டு போனாரு. செவப்பு கலரு, பளபளன்னு இருக்கு, ஸ்டார்ட் பண்ணா ஒரே செல்ஃப்ல புடிக்குது, சத்தம் அருமையா இருக்கு, கூட வந்த மச்சான் அங்கயே அட்வான்ஸ் குடுத்தரலாம்னுட்டாரு. நான் ஜாக்கி போடோணும்னு சொன்னதும் புரோக்கருக்கு மொகம் மாறிருச்சு. ஜாக்கி தூக்கத் தூக்க கதவுக்கும் பின்னாடி தகட்டுக்கும் நடுவுல இருந்த சந்து சுருங்கிகிட்டே வந்துச்சுங்க, விரல் போற எடத்துல நகம் கூட போகல, கதவத் தொறந்தா தொறக்க முடியல. குனிஞ்சு படுத்து பாத்தா பழைய துருத் தகட்டு மேலயே புதுத் தகடு வச்சு வெல்டிங் அடிச்சிருக்காங்க. ஒரிஜினல் தகடு முன் மட்கார்டுக்கு உள்ளார போகோணும், இது மட்கார்டு ஓரத்தோட நின்னுருச்சு. கையோட கொண்டுபோன காந்தத்த கதவுக்குக் கீழ் வரிசையில வச்சா ஒட்டவே இல்ல, அத்தனையும் பட்டி. (பானெட்டுல காந்தம் ஒட்டலைன்னா மட்டும் பயந்தராதீங்க, ஆரம்பகாலத்து எம்ஜிபி பானெட்டு அலுமினியம்.)

அங்க பெய்யற மழைக்கு தகடு என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதுக்கப்புறம் காஞ்ச பூமிப் பக்கம் தான் தேடுனேன், காங்கயம், தாராபுரம், மூலனூர் இந்தப் பக்கம். வெள்ளகோயிலுக்கு அக்கட்ட ஒரு சாளையில இருக்குதுன்னு சேதி வந்துச்சு. போய் பாத்தா தார்ப்பாய் மூடி கெடக்கு, சீட்டெல்லாம் எலி கடிச்சு, டயர் நாலும் தரையோட ஒட்டி, இஞ்சின் ஜாமாகி சுத்தவே இல்ல. அந்த வீட்டுப் பெரியவரு "இத என்ன பண்ணப் போறீங்க தம்பி, எங்க அண்ணன் ஓட்டுனதுங்க, எடத்த அடைச்சுட்டு கெடக்குது"ன்னாரு. ஆனா ஜாக்கி போட்டா கதவுச் சந்து அசையல. கீழ தகடு தட்டுனா கிண்ணுனு கேக்குது. சீட்டுக்குப் பின்னாடி மூடியத் தூக்குனா ரெண்டு 6 வோல்ட் பேட்டரி வைக்கற குழி, அந்தக் குழி ஆசிட் பட்டு மொதல்ல ஓட்டையாகற எடம், அதுல கூட மேல் துரு தான். கம்பெனி சேசிஸ் நம்பர் பிளேட்ல ஜிஎச்என்3ன்னு (ஆரம்பகாலத்து ரெண்டு சீட்டு எம்ஜிபின்னு அர்த்தம்) ஆரம்பிக்கற நம்பர், புக்குலயும் அதே நம்பர் எழுத்து பிசகாம. அன்னிக்கே பேசி முடிச்சுட்டேன். ஓடுற வண்டி கேட்ட வெலைல பாதிக்கும் கொறச்சல் தான், ஓடாத வண்டிக்கு போட்டி இல்லீங்களே.

எம்ஜிபிக்கு முழு பாடி ஷெல்லே 1988ல இருந்து இங்கிலாந்துல பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் புதுசா போடறாங்க, அது உண்ம தான். ஆனா கப்பல்ல ஏத்தி கஸ்டம்ஸ் கட்டி இங்க கொண்டாந்து சேக்கற செலவ நெனச்சுப் பாத்துக்கங்க.

கோபியிலருந்து:

பீளமேட்டுத் தம்பி சொன்னது நெம்ப சரி. நான் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் தேடுனவன். நம்ம மெட்ராஸ்ல போட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம், முன் சஸ்பென்ஷனு, பின்னாடி குறுக்கால வர்ற பட்டா ஸ்பிரிங்கு எல்லாம் ஒரே அமைப்பு, அதனால சாமான் பிரச்சன கொறையும்னு தான் அந்த வண்டி மேல கண்ணு. சேலம் பக்கம் ஒருத்தரு "ஒரிஜினல் ஸ்பிட்ஃபயர் சார், இந்தியாவுலயே சில தான்"னு காட்டுனாரு. ரெண்டு கதவு, மேல டாப்பு இல்ல, ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி அழகா தான் இருந்துச்சு. நான் டேப்ப எடுத்து முன் வீல் நடுவுலருந்து பின் வீல் நடு வரைக்கும் அளந்தேன். ஸ்பிட்ஃபயருக்கு 83 இஞ்ச் வரோணும். 91 அரை வந்துச்சு, அது ஹெரால்டு அளவு. கூரைய அறுத்துட்டு பேரு மாத்தி விக்கறாங்க. அட்டப்பெட்டிக்கு மூடிய கிழிச்சுட்டா பக்கம் தொளதொளங்கற மாதிரி அந்த வண்டி கதவு புடிச்சு ஆட்டுனா மொத்தமும் ஆடுது. ஒரு டேப்பு போதுங்க, வாய்ச் சண்டையே வேண்டாம்.

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ பாக்கப் போறவங்க முன் வீல்ல ட்ரன்னியன் பாத்தே ஆகோணும். பித்தளையில பெரிய நட்டு மாதிரி இருக்கும், அதுக்குள்ளார இரும்புத் தண்டு மரையோட திரும்பும். அதுக்கு ஊத்த வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நிப்பிள் இருக்கறதப் பாத்துட்டு நம்ம ஆளுக கிரீஸ அடிச்சு விட்டுடறாங்க, கிரீஸு மரைக்குள்ள எறங்காது, உள்ள தண்ணி நின்னு துருப்புடிச்சு தண்டு ஒரு நாள் மரையோரத்துல ஒடியும், ஒடிஞ்சா வீல் உள்ள மடங்கிரும். திம்பம் மலை ரோட்டுல 27 கொண்டை ஊசி வளைவு எறங்கறப்ப அது ஒடிஞ்சா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. விக்கறவர்கிட்ட "இதுக்கு என்னங்க போடறீங்க"ன்னு சும்மா கேளுங்க. ஆயில்னு சொன்னா அந்த வண்டிய வச்சிருந்தவரு வெவரமானவரு. நான் கடைசியா வாங்குனவரு ஆயில் கன்னையே எடுத்துக் காட்டுனாரு, மீதி வண்டியப் பாக்காமயே பாதி நம்பிக்க வந்துருச்சு.

இன்னொண்ணு, 1970 கடைசியில வந்த மார்க் 4க்கு முந்துன ஸ்பிட்ஃபயருக்கு பின் ஆக்சில் வளைவுல உள்ள மடங்கற கொணம் உண்டு. வளைவுக்குள்ள வேகமா போயி நடுவுல ஆக்சிலேட்டர டக்குனு விட்டா பின்பக்கம் வீசிரும். டெஸ்ட் டிரைவுல அத சோதிக்கப் பாக்காதீங்க, தெரிஞ்சுகிட்டு ஓட்டுங்க, போதும்.

திருப்பூர்லருந்து:

அண்ணன்மாருங்க பாடி பத்தி சொல்லிட்டீங்க, நான் புக்கு பத்தி சொல்றேன். எங்க வீட்டுக்காரரு ஆசப்பட்டு பாத்தது எம்ஜி டிடி, 1950 வாக்குல வந்தது, 1250 சிசி. வண்டி நல்லாத் தான் இருந்துச்சு, ஆனா அந்த வண்டிக்கு பாடிக்குள்ள எலும்பு மரச்சட்டம், செவலக் காட்டுல நின்ன வண்டி, கதவு கீல் பக்கம் ஸ்க்ரூட்ரைவர வச்சு அமுத்துனா மண்ணா கொட்டுது, கரையான். அத கூட ஒரு நல்ல ஆசாரி செஞ்சுருவாரு. பிரச்சன எங்க வந்துச்சுன்னா புக்குல இருக்கறவரு எறந்து பல வருஷமாச்சு, மகன்க ரெண்டு பேரு, விக்கறது ஒருத்தரு. அவரு சொல்றாரு பேரு மாத்தற ஃபார்ம் 29, 30ல அப்பா கையெழுத்து வெறுமனே வாங்கி வச்சிருக்கோம் நெரப்பிக்கலாம்னு. நான் முடியாதுன்னுட்டேன். எறந்தவரு வண்டி மொதல்ல ஃபார்ம் 31ல வாரிசு பேருக்கு மாறோணும், இன்னொரு மகனும் ஒப்புக்கோணும், அதுக்கப்புறம் தான் 29, 30 போட்டு நம்ம பேருக்கு. பெரிய மகனும் கையெழுத்து போட வந்து ஒட்டுக்கா உக்காந்து பேசி முடிக்கற வரைக்கும் நான் ஒரு ரூவா அட்வான்ஸ் குடுக்கல. அவங்களுக்கு மொதல்ல கோவம், அப்புறம் அவங்களுக்கே நல்லதுன்னு புரிஞ்சுது.

வின்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம்னு புரோக்கருங்க ஈஸியா சொல்லுவாங்க. 2021ல வந்த விதிப்படி மொதல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு அது கெடைக்கும், புதுசா பதிய 20,000 ரூவா, 10 வருஷத்துக்கு செல்லும், ரினியூவல் 5,000. ஆனா அந்தப் பதிவுல தெனமும் எடுத்துட்டு சுத்த முடியாது, ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு கொண்டுபோக, இப்படித் தான். சேசிஸ், பாடி, இஞ்சின மாத்தியிருந்தாலும் ஒத்துக்க மாட்டாங்க. சாதாரண ரினியூவல் பண்ணி ஓட்டிக்கலாம்னா இம்போர்ட்டட் காருக்கு 2022 ஏப்ரல்ல அந்த ஃபீஸே 40,000 ஆச்சு, 2025ல 20 வருஷம் தாண்டுன வண்டிக்கு 80,000 ஆயிருச்சு. வெல பேசறப்பவே இதயும் கூட்டிப் போட்டு பேசுங்க.

கணபதியிலருந்து:

நான் லேத்துப் பட்டறை வச்சிருக்கறவன், இந்த வண்டிக சிலிண்டர் ஹெட்டு நெறைய கைக்கு வருது. திருப்பூர் அக்கா, இஞ்சின் மாத்துனா ஒத்துக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கு ஒரு வெவரம். அம்பாசடர்ல வந்த 1489 சிசி பெட்ரோல் இஞ்சினும் எம்ஜிபி இஞ்சினும் ஒரே பி-சீரிஸ் இஞ்சின் குடும்பம். அதனால நம்ம ஊர்ல பழைய அம்பாசடர் மெக்கானிக்குக்கு எம்ஜிபி இஞ்சின் புதுசே இல்ல, நல்ல விசயம். ஆனா அதே காரணத்தால எம்ஜிபி இஞ்சின் செத்ததும் அம்பாசடர் இஞ்சின எறக்கி விட்ட வண்டியும் இருக்கு. இஞ்சின் நம்பர் 18ஜின்னோ, பின்னாடி வந்த எம்ஜிபின்னா 18வின்னோ ஆரம்பிக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க. சூடானதுக்கு அப்புறம் ஓட்டத்துல ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல நிக்கோணும், ஐட்லிங்ல 10க்கு கீழ போகக்கூடாது.

ஹெட்டு எறக்குனா எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான வால்வ் சீட்டு போட்டாச்சான்னு கேளுங்க. ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோட நின்னு போச்சு, வெறும் காஸ்ட் அயர்ன் சீட்டு வேகமா ஓட்டுனா தேஞ்சு வால்வு உள்ள எறங்கும், டாப்பெட் கேப்பு கொறஞ்சுகிட்டே வரும். அந்த வேலைய நாங்களே செய்யறோம், பெரிய செலவில்ல. இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய ரப்பர் ஓஸ், பம்ப்பு டயாப்ரம் எல்லாத்தயும் மாத்திருங்க, பாக்க நல்லாயிருந்தாலும் மாத்திருங்க.

பீளமேட்டுத் தம்பி, உங்க வண்டி ஜிஎச்என்3ன்னா பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியோட பாசிட்டிவ் தான் பாடியில சேரும்) இருக்கும், மாத்தாம இருந்தா எலெக்ட்ரீசியன்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க. நம்ம பசங்க பழக்கத்துல நெகட்டிவ பாடியில போட்டு விட்டுருவாங்க.

பீளமேட்டுலருந்து:

கணபதி அண்ணா, நெம்ப நன்றிங்க, இன்னும் மாத்தல, பேட்டரி மேலயே எழுதி ஒட்டியாச்சு. நம்பர் 18ஜிபி தான், கிராங்குக்கு அஞ்சு மெயின் பேரிங் வந்த இஞ்சின். ஹெட்ட கழட்டி வச்சிருக்கேன், அடுத்த வாரம் உங்க பட்டறைக்கே கொண்டாரேன், சீட்டு போட எத்தன நாள் ஆகும்னு சொல்லுங்க. கோபி அண்ணா, அந்த ஆயில் கன் எங்க கெடைக்குதுங்க, என்ர கூட்டாளி ஒருத்தன் ஹெரால்டு வச்சிருக்கான், அவன் வண்டிக்கு இத்தன நாளா கிரீஸு தான் அடிக்கறாங்களாம், இன்னிக்கே அவனுக்கு சொல்லியாச்சு.