லைன் கம்மியான தோட்டத்துக்கு எந்த வங்கியின் ஆப் தோதுப்படும்?

செம்பனை_ஓரம்
வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டம். அப்பாவுக்கு ஆன்லைன் பேங்கிங் போட்டுக் கொடுக்கணும். மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க், பிஎஸ்என் நான்கில் எது கையாளச் சுலபம்? வேலை அதிகமில்லை: தெனாகா (மின்சார) பில், ஈப்போவில் படிக்கும் தங்கைக்கு மாதம் 300 வெள்ளி, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. போன் பழைய ஆண்ட்ராய்டு. லைன் (சிக்னல்) ஒரு கட்டை, இரண்டு கட்டைதான்.

ரப்பர்பால்
தம்பி, பணம் அனுப்புகிற திரை நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிரமமெல்லாம் அனுமதி கொடுக்கும் இடத்தில். 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறை எண்ணான டேக்கை விட்டு விலகச் சொன்ன பிறகு, அனுமதி ஆப்புக்குள் போய்விட்டது. மேபேங்கில் அதன் பெயர் செக்யூர்2யூ (எம்ஏஈ ஆப்பில் இருக்கும்), சிஐஎம்பியில் செக்யூர்டேக், பப்ளிக் பேங்கில் செக்யூர்சைன். ஒருவருக்கு ஒரு போனில்தான் இயங்கும். முதல்முறை பதியும்போதும் போன் மாற்றும்போதும் காத்திருப்பு நேரம் உண்டு. மேபேங்கில் 12 மணி நேரம். பில் கட்டக் கடைசி நாளில் போனை மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வங்கியை முடிவு செய்யும் முன் அந்தப் பழைய போனில் பிளே ஸ்டோரைத் திறந்து ஆப்பைத் தேடிப் பாருங்கள். 'உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று வந்தால் அந்த வங்கியைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. அதற்காக வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்) போட்டுவிடாதீர்கள், கணக்கைத் துடைப்பதே அந்த வழியில்தான்.

லயத்து_வீடு
எல்லாரும் மறக்கிற ஒன்று சிம். அப்பாவுடையது பிரீபெய்ட் என்றால் ரீலோட் தவறி எண் செத்துப்போகும், பிறகு அதே எண் வேறொருவர் கைக்குப் போகலாம். வங்கியிலோ இன்னும் பழைய எண்ணே பதிவில் இருக்கும். மாற்ற ஐ.சி., ஏ.டி.எம். கார்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்கோ ஏ.டி.எம்முக்கோ நேரில் போகணும். அதனால் பட்டணத்தில் எந்த வங்கிக்குக் கிளை இருக்கிறதோ அதுதான் சுலபமான வங்கி. ஆப் அழகாக இருந்து கிளை ஈப்போவில் இருந்தால் பஸ் காசு யார் கொடுப்பது?

பிஎஸ்என்னுக்கு இன்னொரு வசதி, கடைகளில் இருக்கும் ஏஜென்ட். உங்கள் போனில் லைன் இல்லாத நாளில்கூட அங்கே காசு எடுக்கலாம், பில் கட்டலாம்.

செம்பனை_ஓரம்
நன்றி அண்ணா. கணினியில் லாகின் செய்தால் போனுக்கு அனுமதி கேட்டு நோட்டிஃபிகேஷன் வராமலே நேரம் முடிந்துவிடும் என்கிறார்களே?

ரப்பர்பால்
பாதிக்கு மேல் பேட்டரி சேவர் செய்கிற வேலை அது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் வங்கி ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். தேதியும் நேரமும் 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்கட்டும். கடிகாரம் தப்பினால் ஆப் உருவாக்கும் எண் செல்லாமல் போகலாம். ஒரு கட்டை லைனில் கணினிப் பக்கமே போகவேண்டாம். ஆப்புக்குள்ளேயே அனுப்பினால் அனுமதித் திரையும் அங்கேயே வரும், நோட்டிஃபிகேஷனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுற்றிக்கொண்டே நின்றுவிட்டால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் டிரான்ஸாக்‌ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். லைன் அறுந்தாலும் பணம் போயிருக்கலாம். அவசரப்பட்டால் 300, 600 ஆகிவிடும்.

ஜாலான்_கடைசி
தங்கைக்கு டுயிட்நவ் (போன் எண்ணை வைத்தே உடனே பணம் அனுப்பும் வசதி) வழியாக அனுப்புங்கள். அவர் தன் போன் எண்ணைத் தன் கணக்கோடு இணைத்திருக்கணும். ஒரு எண்ணை ஒரு கணக்கோடுதான் இணைக்க முடியும். உறுதி செய்யுமுன் பெயர் திரையில் வரும், அப்பாவை அதைப் படிக்கப் பழக்குங்கள். பட்டியலில் ஐபிஜி (வங்கிகளுக்கிடையிலான மெதுவான பரிமாற்றம்) என்று இன்னொன்று இருந்தால் அதைத் தொடவேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு அனுப்பினால் திங்கள்தான் போய்ச் சேரும்.

தெனாகாவுக்கு ஜோம்பே (வங்கி ஆப்பிலேயே பில் கட்டும் வசதி). பில்லர் கோட் 5454, ரெஃப்-1 என்ற இடத்தில் பில்லில் உள்ள 12 இலக்கக் கணக்கு எண். ஒரு இலக்கம் தவறினால் அடுத்த வீட்டுக்காரர் பில்லுக்குப் போய்ச் சேரலாம், திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதல்முறை சரியாகக் கட்டியதும் 'ஃபேவரிட்' ஆகச் சேமியுங்கள். அடுத்த மாதம் தொகை மட்டும் அடித்தால் போதும்.

லயத்து_வீடு
தினசரி வரம்பை 500 வெள்ளிக்கு இறக்கி வையுங்கள். அப்பாவின் வேலைக்கு அது தாராளம், மோசடிக்காரனுக்குப் போதாது. அப்படியும் ஏதாவது போய்விட்டால் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கோ தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கோ உடனே அடிக்கணும். இரண்டையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போனே முடங்கிப்போனால் பக்கத்து வீட்டுப் போனிலாவது அழைக்கலாம்.

செம்பனை_ஓரம்
பட்டணத்தில் மேபேங்க், பிஎஸ்என் இரண்டுக்கும் கிளை இருக்கு. எம்ஏஈ அந்தப் போனில் ஏறுகிறதா என்று இன்று ராத்திரி பார்க்கிறேன். ஏறாவிட்டால் பிஎஸ்என்தான்.