கருங்கல் வீட்டு டெஸ்க்டாப்புக்கு எந்த வைஃபை அடாப்டர்?

கட்டபெட்டு வாசி:
கோத்தகிரி பக்கம் பழைய வாடகை வீடு. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், மேலே தகரம். ரவுட்டர் முன்னறையில், கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவில் கணப்பின் புகைபோக்கி ஏறும் சுவர். வீட்டிலேயே தடிமனானது அதுதான். நெட் 100 எம்பிபிஎஸ். கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் 21, அதன் மையப் பகுதியான கெர்னல் 5.15. மகளின் ஆன்லைன் வகுப்புக்காகத்தான் கேட்கிறேன். யுஎஸ்பி அடாப்டர் வாங்கலாமா, உள்ளே செருகும் கார்டா?

மின்பொறி:
கார்டுதான், யோசிக்கவே வேண்டாம். இன்டெல் ஏஎக்ஸ்210 சிப் உள்ள, மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டு வாங்குங்கள். கெர்னல் 5.10 முதலே அதை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், கூடவே வருகிறது. ஏஎக்ஸ்201 மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். அதற்கென்று வசதி உள்ள இன்டெல் போர்டில் மட்டும்தான் ஓடும். அப்புறம், கார்டிலிருந்து ஒரு சின்ன ஒயரை போர்டில் உள்ள யுஎஸ்பி பின்களில் மாட்டினால்தான் புளூடூத் வரும். அதை மாட்டாமல் விட்டுவிட்டு இங்கே வந்து புலம்புகிறவர்கள் நிறைய.

குன்னூர்ப் பனி:
சார், சிப் பற்றிச் சொன்னது சரி. ஆன்டெனா எங்கே நிற்கும்? கேபினெட்டின் பின்பக்கம், மேசைக்கு அடியில், சுவரில் முட்டிக்கொண்டு. சிக்னல் புகைபோக்கிச் சுவரைத் தாண்டி, இரும்புப் பெட்டியையும் தாண்டி வர வேண்டும். யுஎஸ்பி அடாப்டர் என்றால் இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுக் கதவு நிலைக்கு மேலே தொங்கவிடலாம். திறந்த கதவு வழியாக வரும் சிக்னலுக்குக் கருங்கல்லைத் துளைக்கும் வேலை இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் தொங்குகிறது. பார்க்க நன்றாக இல்லை, ஆனால் வீடியோ நிற்பதில்லை.

மின்பொறி:
ஒயரோடு வரும் ஆன்டெனா கார்டுக்கும் கிடைக்கிறது, அடியில் காந்தம் வைத்து. உங்கள் யுஎஸ்பியை 3.0 போர்ட்டில் செருகிப் பாருங்கள், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுக்க இரைச்சல். நான் சொல்லவில்லை, இன்டெலே 2012இல் அறிக்கை போட்டது.

குன்னூர்ப் பனி:
காந்தம் கருங்கல்லில் ஒட்டுமா சார்? ஆன்டெனா ஒயர் நீள நீள சிக்னல் தேயும், வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் அதிகமாக. யுஎஸ்பி ஒயரில் ஓடுவது டிஜிட்டல் தகவல், இரண்டு மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. இரைச்சலுக்கும் எக்ஸ்டென்ஷன்தான் மருந்து: அடாப்டரைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்து, 2.0 போர்ட்டில் செருகுங்கள். 480 எம்பிபிஎஸ் என்பது ஏட்டுக் கணக்கு. அதில் பாதி வந்தாலும் இவர் திட்டத்துக்குத் தாராளம். அட்டைப்பெட்டியில் ஏசி1300 என்று கொட்டை எழுத்தில் இருப்பதும் 2.4இன் வேகம் 400ஐயும் 5இன் வேகம் 867ஐயும் கூட்டித் தோராயமாகப் போட்ட எண்தான். நீங்கள் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணைய முடியும்.

தேயிலைத்தூள்:
ஆளாளுக்கு 5ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள். சென்னை அடுக்குமாடியில் 2.4 நெரிசல், ஒப்புக்கொள்கிறேன். இவருக்குப் பக்கத்து வீடு தோட்டத்துக்கு அந்தப்புறம் இருக்கும். 2.4 காலியாகத்தான் கிடக்கும், சுவரையும் அதுதான் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். வகுப்புக்கு அது போதாதா?

குன்னூர்ப் பனி:
கட்டபெட்டில் சரி. குன்னூர் பஜார் மேட்டுக்கு வந்து பாருங்கள். ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டு வாசல். 2.4இல் மூச்சுவிட இடமில்லை.

கேபிள்காரன்:
இதெல்லாம் எதற்கு? ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் ஒயர் இழுங்கள். ஆன்டெனா, சிப், கெர்னல், எந்தப் பேச்சும் இல்லை.

கட்டபெட்டு வாசி:
வீட்டுக்காரர் காலண்டருக்கு ஆணி அடித்தாலே முகத்தைச் சுளிப்பார். கருங்கல்லில் துளை போடவா விடுவார்?

கேபிள்காரன்:
துளை யார் கேட்டார்கள்? தட்டை ஒயர் இருக்கிறது, கதவுக்கு அடியில் போகும். சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போங்கள்.

கட்டபெட்டு வாசி:
நாள் முழுக்க அந்தக் கதவில்தான் நடமாட்டம், அம்மாவுக்குக் கால் தடுக்கினால் வம்பு. இன்னொன்று, இப்போதுதான் கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். கார்டு செருக ஒரே ஒரு சின்ன ஸ்லாட். அதன் மேல் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் உட்கார்ந்திருக்கிறது.

மின்பொறி:
அப்படியென்றால் வேறு வழியில்லை, யுஎஸ்பிதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ரியல்டெக் 8812பியூ சிப் என்றால் கெர்னலில் டிரைவர் 6.2 முதல்தான், உங்கள் 5.15இல் வெளியிலிருந்து டிரைவர் இறக்கி, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். மீடியாடெக் எம்டி7612யூ பாருங்கள், 4.19இலேயே வந்துவிட்டது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் வெர்ஷன் மாறினால் சிப் மாறிவிடும். கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்றால், சிப் பெயரைச் சொன்னால்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள்.

குன்னூர்ப் பனி:
கடைசியில் யுஎஸ்பிக்கே வந்துவிட்டீர்கள்.

மின்பொறி:
ஸ்லாட் இல்லாததால்தான். ஸ்லாட் இருந்தால் இன்றைக்கும் கார்டுதான் என்பேன்.

கேபிள்காரன்:
அந்தக் கதவைச் சாத்திவிட்டு வகுப்பு எடுக்கும் நாளில் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.