'கன்வர்ட்' பொத்தானுக்கு ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் ஒலிக்கோப்பு மென்பொருளில் இருக்கும் 'கன்வர்ட்' பொத்தானுக்கு 'வடிவ மாற்றம்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சொல்லில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் 'கன்வர்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன, ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லால் மூடி வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் மூட வேண்டுமா?

ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டிருக்கிறோம். திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில்) எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவரும் கருவிக்கு 'எழுத்துரு மாற்றி' என்று பெயர் வைத்தோம். மாறியது எழுத்துரு இல்லை, எழுத்துக்கு உள்ளே இருந்த எண். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய கோப்பைத் திறந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் 'லதா எழுத்துருவுக்குப் பதில் வேறு எழுத்துரு போட்டுப் பார்க்கட்டுமா' என்று இன்றும் கேட்கிறார்கள்.

சரி, ஒலிக்கு வருவோம். முதல் வேலை, உண்மையில் வேலையே இல்லை: கோப்பின் பின்னொட்டை வேவ் என்பதிலிருந்து எம்பி3 என்று தட்டச்சு செய்து மாற்றுவது. பல ஒலிப்பான்கள் பின்னொட்டை நம்புவதில்லை, கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும். வேவ் என்றால் அங்கே 'ஆர்ஐஎஃப்எஃப்' என்று நான்கு எழுத்து இருக்கும், ஃபிளாக் என்றால் 'எஃப்எல்ஏசி'. அதனால் பெயர் மாற்றிய கோப்பும் பாடும், மாற்றியவரும் காரியம் முடிந்தது என்று நம்பிவிடுவார், அளவு மட்டும் ஒரு பைட்கூடக் குறைந்திருக்காது. இதற்குப் 'பெயர்மாற்றம்' போதும்.

இரண்டாவது வேலை, எம்கேவி வீடியோவில் ஏஏசி என்ற முறையில் சுருக்கி வைத்திருக்கும் ஒலியை அப்படியே எடுத்து எம்4ஏ கோப்பில் வைப்பது. ஒலி, வீடியோக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியின் கட்டளையில் ஒலிக்கு 'காப்பி' என்று கொடுத்தால் ஒரு மணி நேரக் கோப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும், ஏனென்றால் ஒலியை அது பிரித்துப் பார்ப்பதே இல்லை. இங்கே மாறுவது வெளிக்கூடு. அதைக் 'கொள்கலன்' என்று எழுதுகிறார்கள், எனக்குத் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. 'உறை' என்று சொல்லலாமே. எம்4ஏ உறைக்குள் ஏஏசியும் இருக்கலாம், ஆப்பிளின் ஏலாக்கும் இருக்கலாம், ஆக் உறைக்குள் வார்பிஸும் ஓபஸும் இருக்கலாம். வேலைக்கு 'உறைமாற்றம்'. தண்ணீர் பனிக்கட்டியாவது போல இருக்கிறது என்று யாராவது சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ஒரு கோடெக்கில் (ஒலியைக் கோப்பில் எழுதவும் திரும்பப் படிக்கவும் உள்ள முறையில்) இருக்கும் ஒலியை முழுவதுமாக விரித்து, இன்னொன்றில் புதிதாக எழுதுவது. இதற்கு 'மறுகுறியாக்கம்' என்று இரண்டு பேர் சொல்லியிருந்தீர்கள். இலக்கணப்படி சரி, ஆனால் 'குறியாக்கம்' என்பதைப் பூட்டுச்சாவி போட்டுத் தகவலை மறைப்பதற்கும் பலர் எழுதுகிறார்கள், கடவுச்சொல் கேட்குமா என்று பயனர் குழம்புவார். நான் முன்வைப்பது 'மறுவார்ப்பு'. நகையை உருக்கி மறுபடி வார்ப்பது மாதிரி. அப்படி எடுத்துக்கொண்டால் கூடவே இன்னொரு சொல்லும் கைக்கு வருகிறது: சேதாரம்.

இந்தச் சேதாரத்தை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். பழைய கேசட்டில் இருந்த 40 நிமிடப் பேச்சு ஒன்றை நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3-ஆகப் பதிவு செய்து வைத்திருந்தேன், 38 எம்பி (மெகாபைட்) சொச்சம். அப்புறம் ஒருநாள் 'தரத்தைக் கூட்டுகிறேன்' என்று 320-க்கு மாற்றினேன். கோப்பு 96 எம்பி ஆனது, பெருமையாக இருந்தது, பழையதை அழித்துவிட்டேன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், அதிர்வெண்களைக் காட்டும் அலைமாலை வரைபடத்தைத் திறந்தால் ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்சுக்கு மேலே துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. காதுக்குப் புலப்படாது என்று முதல் எம்பி3 கழித்துக்கட்டியதை இரண்டாவது எம்பி3 எங்கிருந்து கொண்டுவரும்? அதோடு, மறுவார்க்கும்போது அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் கழித்திருக்கும். அந்தப் பொத்தானில் 'வடிவ மாற்றம்' என்றுதான் இருந்தது.

உவமை ஓர் இடத்தில் உடைகிறது, நானே சொல்லிவிடுகிறேன். வேவ் கோப்பை ஃபிளாக்காக வார்த்து மறுபடி வேவாக வார்த்தால் ஒலித்தரவில் ஒரு பிட் மாறாது. தங்கத்தில் இது நடக்காது. அதனால் 'சேதாரமற்ற சுருக்கம்', 'சேதாரமுள்ள சுருக்கம்' என்று கோடெக்குகளையே இரண்டு வகையாகச் சொல்லிவிட வேண்டும். 'இழப்பில்லா' என்ற சொல் புழக்கத்தில் இருப்பது தெரியும், அதை விரட்டச் சொல்லவில்லை. ஆனால் 'இழப்பு' என்றதும் கோப்பே தொலைந்துபோகும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சேதாரம் என்றால் பொருள் கையில் இருக்கிறது, எடைதான் குறைந்திருக்கிறது என்று உடனே புரியும்.

'கோடெக்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம். 'சுருவிரி' என்று ஒருவர் சொன்னது காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேவுக்குள் பெரும்பாலும் இருக்கும் பிசிஎம் என்ற முறை எதையும் சுருக்குவதில்லை. நொடிக்கு ஒலியின் 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடம் என்று உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கிறது, நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. சுருக்காததைச் சுருவிரி என்றால் முதல் பாடத்திலேயே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஆக, பட்டியில் 'உறைமாற்று' ஒரு வரி, 'மறுவார்' ஒரு வரி. எம்பி3-யிலிருந்து எம்பி3-க்கோ ஏஏசிக்கோ போகும்போது வரும் எச்சரிக்கைக்கு நான் எழுதிப் பார்த்தது: 'மூலக்கோப்பு ஏற்கெனவே சேதாரமுள்ளது. மறுவார்த்தால் தரம் கூடாது, குறையலாம். மூலத்தை அழிக்க வேண்டாம்.' பெட்டிக்குள் இரண்டு வரிதான் கொள்ளும், இது மூன்றுக்குப் போகிறது. நடு வாக்கியத்தைத் தொடாமல் சுருக்கித் தர முடிந்தவர்கள் எழுதுங்கள்.