கன்னி ஆட்டு மைக்ரோசாட்டிலைட்: பட்டைக்குக் கீழே நிழல் பட்டைகள் ஏன்?

பாளை மாணவி:
கன்னி ஆட்டில் பால்கன்னி, செங்கன்னி ரெண்டு வகையையும் மைக்ரோசாட்டிலைட் (டி.என்.ஏ.வில் சின்ன வரிசை அடுக்கடுக்கா வரும் இடம்) வச்சு ஒப்பிடணும். கயத்தாறு பக்கம் எடுத்த ரத்தம். டி.என்.ஏ. எழுத்து சி-ஏ, சி-ஏ என்று திரும்பத் திரும்ப வரும் இடம்; பி.சி.ஆரில் (துண்டை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கின துண்டு சுமார் 200 எழுத்து. 2% அகரோஸ் ஜெல்லில் (துண்டுகளை நீளப்படி பிரிக்கும் கூழ்) எல்லா ஆட்டுக்கும் ஒரே பட்டை. இன்னும் நுணுக்கமாப் பிரிக்கும் அக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டினா ஒவ்வொரு பட்டைக்குக் கீழேயும் மங்கலா ரெண்டு மூணு தெரியுது. சென்ட்ரோமியர் (குரோமோசோம் இழைகள் சேரும் இடம்) சாட்டிலைட்டும் சேர்ந்து பெருகிடுச்சா, அண்ணாச்சி?

தாமிரபரணிக்கரை:
இல்லம்மா. பேரு ஒண்ணா இருக்கிறதால வந்த குழப்பம். டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடில் அதிவேகமாகச் சுழற்றினால் அடர்த்திப்படி பிரியும். சுண்டெலியில் முக்கியப் பட்டையின் அடர்த்தி சுமார் 1.70 (கிராம்/மி.லி.), பக்கத்தில் சுமார் 1.69இல் தனியாக ஒரு சின்னப் பட்டை. ஏ-டி அதிகம் என்பதால் லேசு. அந்தத் துணைப் பட்டைக்கு வைத்த பேர்தான் சாட்டிலைட். சுண்டெலியில் அதன் அலகு (திரும்பத் திரும்ப வரும் துண்டு) 234 எழுத்து. மனிதரின் ஆல்ஃபா சாட்டிலைட்டில் 171. சென்ட்ரோமியரில் லட்சக்கணக்கான எழுத்து நீளத்துக்கு அடுக்கடுக்காகக் கிடக்கும். எந்தத் துண்டு எந்த இடம் என்றே தெரியாததால், மனித ஜீனோமில் அந்த ஓட்டைகள் 2022 வரை முழுசா அடைபடவில்லை.

மினிசாட்டிலைட்டில் அலகு 10 முதல் 60 எழுத்து வரை. அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டி.என்.ஏ. கைரேகை கண்டது இதை வைத்துத்தான். மைக்ரோ என்பது 1 முதல் 6 எழுத்து. சீசியத்தில் இது தனிப்பட்டையாகப் பிரியவே பிரியாது. பேரை மட்டும் வாங்கிக்கொண்டது. உங்கள் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சின்ன டி.என்.ஏ. துண்டு) ரெண்டும் அடுக்குக்கு வெளியே, அந்த ஓர் இடத்துக்கே உரிய வரிசையில் உட்கார்வதால் சென்ட்ரோமியர் கதையே இதில் இல்லை.

ஜெல்காரன்:
கீழே தெரிவது வழுக்கல். டாக் நொதி நகலெடுக்கும்போது ஓர் அலகு தவறிப்போகும். 2 எழுத்து, 4 எழுத்து குறைந்த நகல்கள் வரும். ஒற்றை அலீல் (அந்த இடத்தில் தாய், தந்தை வழி வரும் வடிவம்) என்றால் கொத்தில் அடர்ந்த மேல்பட்டையே நிஜம். 2 எழுத்து வித்தியாசத்தில் ரெண்டு அலீல் இருந்தால்தான் வம்பு: பெரியதின் நிழல் சின்னதின் மேல் விழுந்து, கீழ்ப்பட்டை தடித்துத் தெரியும்.

பி.சி.ஆரில் 35 சுழற்சி வைத்திருந்தால் 28–30 ஆக்குங்க, டி.என்.ஏ. 20–50 நானோகிராம் போதும். நிழல் குறையுமே தவிர முழுசா போகாது. 4 எழுத்து அலகு கிடைத்தால் அதை எடுங்க. 1 எழுத்து கூடி இரட்டையாகத் தெரிந்தால் அது டாக் கடைசியில் ஒட்டும் ஏ. முடிவில் 60 டிகிரியில் 30 நிமிடம் விட்டால் எல்லா நகலிலும் ஒட்டி ஒரே பட்டையாகும்.

200இல் 2 எழுத்தை 2% அகரோஸ் பிரிக்காது. 6% அக்ரிலமைடு, இழைகளைப் பிரித்து வைக்க 7 மோலார் யூரியா. மாதிரியை ஃபார்மமைடில் 95 டிகிரிக்கு 5 நிமிடம் சூடாக்கி உடனே ஐஸில் வைத்து ஏற்றுங்க. யூரியா இல்லாமல் ஓட்டினால் ரெண்டு அலீலின் இழைகள் மாறிச் சேர்ந்து மேலே பொய்ப்பட்டை காட்டும்.

கிடை டாக்டர்:
ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. குழாயில்தானே எடுத்தீங்க? ஹெப்பாரின் குழாய்னா அது டாக்கை முடக்கிடும். இன்னொண்ணு, ஒரே கிடையில் தாயும் குட்டியுமாக எடுத்தால் அலீல் கணக்கு கோணும். ஒப்பீட்டுக்கு ஊருக்கு ஊர் உறவில்லாத ஆடுகளாப் பாருங்க. ஆனா நாலைந்து தாய்-குட்டி ஜோடியைத் தனியா வச்சிக்கோங்க. தாயிடம் ஒரே பட்டை, குட்டியிடம் வேறு ஒரே பட்டை என்று வந்தால், குழாய் மாறவில்லை என்று முதலில் உறுதிப்படுத்துங்க. மாறலைன்னா பிரைமர் ஒட்டாத ஊமை அலீல் இருக்கு. பிரைமர் ஒட்டும் வெப்பத்தை 2–3 டிகிரி குறைச்சுப் பார்த்தும் வரலைன்னா அந்தப் பிரைமரை மாத்துங்க.