அவசர உதவி: பேக்கன் போட்ட முட்டைக்கோஸ் சட்டி நிறையத் தண்ணீர் விடுகிறது

மேரியட்டா_மலர் | வெள்ளி, காலை 10.42

நாளை மதியம் எங்கள் தெருவில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். நான் பேக்கன் (உப்பும் புகையும் ஏற்றிய இறைச்சித் துண்டு, வழக்கமாகப் பன்றி) போட்டு வதக்கிய முட்டைக்கோஸ் கொண்டுவருவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். சட்டி நிறையத் தண்ணீர். கோஸ் வெளுத்துச் சொதசொதவென்று ஆகிவிட்டது, பேக்கன் ரப்பர் மாதிரி இழுக்கிறது, வீடு முழுக்க ஒரு வாடை வேறு. பக்கத்து வீட்டுப் பாட்டி செய்து கொடுத்தது இப்படி இல்லவே இல்லை. செய்முறையில் இருந்தபடிதான் செய்தேன். என்ன பண்ணலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

சார்லட்_குமார் | 10.51

எந்தச் சட்டி? மூடி போட்டீர்களா? கோஸ் எவ்வளவு? அந்தப் பாட்டியிடமே கேட்டுவிடலாமே?

நெல்லைச்சீமை | 10.55

உப்பு எப்போது போட்டீர்கள்? காரணம் அதுதான், வேறெதுவும் இல்லை. உப்பு பட்டதும் கோஸ் தண்ணீரைக் கக்கிவிடும். பேக்கனிலேயே உப்பு இருக்கிறது. கோஸ் வதங்கி ஓரம் சிவந்த பிறகு ஒரு வாய் தின்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் போட வேண்டும். பாதி நேரம் தேவையே படாது.

அடுப்படி_வாத்தியார் | 11.08

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. "செய்முறையில் இருந்தபடி" என்றால் எந்தச் செய்முறை? அடுப்பு கேஸா, மின்சாரமா? சட்டியின் அகலம் என்ன? கோஸ் சாதாரணப் பச்சைக் கோஸா, சவாயா, நாப்பாவா? டாக்டரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து எழுதுவார்? முட்டைக்கோஸில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். அது வெளியே வருவதை யாராலும் தடுக்க முடியாது. வருகிற வேகத்தைவிட ஆவியாகிப் போகிற வேகம் அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அடிப்படை தெரிந்துகொண்டு பெயர் கொடுத்திருக்கலாம்.

லேப்_ராணி | 11.15

வாத்தியார் சார், அவர் அவசரத்தில் கேட்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

மலர், எனக்குச் சந்தேகம் பேக்கன் மேல்தான். இங்கே கடையில் மலிவாகக் கிடைக்கும் பேக்கனில் பெரும்பாலும் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். சட்டியில் போட்டதும் வெள்ளையாக நுரை மாதிரி ஒன்று கசியும் பாருங்கள், அது தண்ணீரும் புரதமும். அந்தத் தண்ணீர் வற்றும் வரை பேக்கன் வேகுமே தவிர, வறுபடாது. அதற்குள் கோஸைக் கொட்டிவிட்டால் இரண்டும் கெட்டுப்போகும். கொழுப்பு எவ்வளவு வெளியே வந்தது? ஒரு கரண்டியா, அரைக் கரண்டியா?

மேரியட்டா_மலர் | 11.40

எல்லோருக்கும் நன்றி. பாட்டி மகள் வீட்டுக்கு சவான்னா போயிருக்கிறார், நாளைக் காலையில்தான் வருகிறார். அவர் சாப்பிடும்போது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு கவலை.

நான்ஸ்டிக் சட்டி, 10 இன்ச். கண்ணாடி மேல்தள மின்னடுப்பு. ஒரு முழுப் பச்சைக் கோஸ், 3 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. பொரியலுக்கு நறுக்குவது போல மெஷினில் போட்டுப் பொடியாக எடுத்தேன். உப்பு முதலிலேயே போட்டேன், மூடி போட்டு 20 நிமிஷம். பேக்கன் சாதாரண பேக்கன்தான்.

நெல்லைச்சீமை | 11.44

நான் சொன்னேன் இல்லையா, உப்பு.

சார்லட்_குமார் | 11.58

உப்பு ஒரு காரணம். 3 பவுண்டு கோஸை 10 இன்ச் சட்டியில் அமுக்கியது அதைவிடப் பெரிய காரணம். அடியில் கிடப்பது மட்டும்தான் சூட்டைப் பார்க்கும், மேலே உள்ளதெல்லாம் ஆவியில் அவியும். மூடியும் போட்டால் அந்த ஆவி திரும்பச் சட்டிக்குள்தான் விழும். வாடைக்கும் அதுதான் காரணம். கோஸை அதிக நேரம் வேக விட்டால் கந்தக வாடை கூடிக்கொண்டே போகும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, பெரிய சட்டியில் பேக்கன் கொழுப்பை உருக்கி, திறந்து வைத்து, ஓரம் சிவக்க வதக்குவது. இன்னொன்று, கொஞ்சம் சிக்கன் சாறு விட்டு மூடி, நன்றாகக் குழைய விடுவது. இரண்டாவதில் தண்ணீர் நிற்பது குற்றமே இல்லை. கீரையும் கோஸும் பன்றிக் கொழுப்போடு வெந்த அந்தச் சாறுக்கு இங்கே பாட்லிக்கர் என்று பெயர். அடிமைக் காலத்தில் கீரை எஜமானர் மேஜைக்குப் போகும், மிஞ்சிய சாற்றைக் கறுப்பின மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்து வளர்த்தார்கள். சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருந்தது. இன்றைக்கும் கார்ன்பிரெட்டை, அதாவது சோள ரொட்டியை, அதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். பாட்டி செய்தது எந்த வகை என்று முதலில் சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க்_பாலா | 12.10

தொட்டு இல்லை, உதிர்த்துப் போட்டு. என்னோடு வேலை பார்க்கும் அலபாமாக்காரர் கிண்ணத்தில் உதிர்த்துப் போட்டுக் கரண்டியால்தான் சாப்பிடுவார்.

அப்புறம், இதைத் தென்மாநிலச் சொத்து மாதிரிப் பேச வேண்டாம். எங்கள் பென்சில்வேனியாவில் ஹலுஷ்கி என்று கோஸையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் வதக்குவார்கள், நிறையப் பேர் பேக்கனும் போடுவார்கள். எஃகு ஆலை வேலைக்கு வந்த ஸ்லோவாக், போலந்துக் குடும்பங்கள் கொண்டுவந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சுகளில் பேக்கன் இல்லாமல் தட்டு தட்டாக விற்கும்.

சார்லட்_குமார் | 12.19

தொடுவதா உதிர்ப்பதா என்பது 1931லேயே பெரிய சண்டை. லூசியானா ஆளுநர் ஹியூயி லாங் தொட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றார், அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகை உதிர்க்க வேண்டும் என்றது. வாரக்கணக்கில் போனது. நியூயார்க் ஆளுநராக இருந்த ரூஸ்வெல்ட் வரைக்கும் கருத்துச் சொன்னார். நான் லாங் கட்சி. உதிர்த்தால் ரொட்டியின் மொறுமொறுப்பு போய்விடும்.

பிட்ஸ்பர்க்_பாலா | 12.24

மலர் இருப்பது ஜார்ஜியாவில். அட்லாண்டா பத்திரிகை சொன்னதுதான் அங்கே செல்லும். உதிர்த்தால்தான் ரொட்டி சாறை முழுசாக இழுக்கும்.

டொரன்டோ_சுதா | 12.31

இவர்கள் சண்டை பிடிக்கட்டும். மலர் அக்கா, நீங்கள் வாங்கினது என்ன பேக்கன் எண்டு பாக்கெட்டை ஒருக்கால் பாருங்கோ. இங்கே பீமீல் பேக்கன் எண்டு ஒன்று இருக்கு, முதுகுப் பக்கத்து இறைச்சி, கொழுப்பு குறைவு. அதைப் போட்டு வதக்கினால் சட்டியில எண்ணெய்யே தெரியாது. நான் கோவாவுக்கு, அதுதான் உங்கட முட்டைக்கோஸுக்கு, எப்பவும் வயிற்றுப் பக்கத்துப் பேக்கன்தான் வாங்குவன்.

அடுப்படி_வாத்தியார் | 12.40

அமெரிக்காவில் சாதாரண பேக்கன் என்றாலே வயிற்றுப் பக்கம்தான். பீமீல் பேக்கன் ஜார்ஜியாக் கடைகளில் எங்கே கிடைக்கப்போகிறது? தேவையில்லாமல் குழப்ப வேண்டாம்.

மேரியட்டா_மலர் | 12.52

பாக்கெட்டைப் பார்த்தேன். டர்க்கி பேக்கன். பிள்ளைகளுக்கு எப்போதும் அதுதான் வாங்குவோம். கொழுப்பு ஒன்றும் வெளியே வந்த மாதிரி இல்லை. பாட்டி செய்தது முதல் வகை, ஓரம் சிவந்து பளபளவென்று இருந்தது, அடியில் சாறு இல்லை.

லேப்_ராணி | 12.57

சரி, விஷயம் இங்கே இருக்கிறது. டர்க்கி பேக்கன் என்பது வான்கோழி இறைச்சியை அரைத்துச் சேர்த்து, புகை வாசமேற்றி, பேக்கன் வடிவத்தில் வெட்டியது. உருகிவர அதில் கொழுப்பு மிகக் குறைவு. எண்ணெய் இல்லாமல் கோஸ் எப்படிச் சிவக்கும்? பளபளப்பும் அந்தக் கொழுப்பில்தான் வரும்.

அடுப்படி_வாத்தியார் | 1.03

இரண்டு மணி நேரமாக எல்லோரும் பன்றிக் கொழுப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். கேட்கும்போதே பாக்கெட்டில் உள்ளதை அப்படியே எழுதியிருந்தால் 11 மணிக்கே முடிந்திருக்கும்.

டொரன்டோ_சுதா | 1.05

பாக்கெட்டைப் பார்க்கச் சொன்னதாலதானே தெரிய வந்தது.

சைவப்_பட்சி | 1.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இறைச்சியே இல்லாமல் அந்தப் புகை வாசம் வரவழைக்க முடியுமா?

சார்லட்_குமார் | 1.14

வெண்ணெயில் வதக்கிக் கடைசியில் ஸ்மோக்ட் பேப்ரிக்கா (புகையூட்டிய மிளகாய்ப் பொடி) தூவுங்கள். நன்றாகவே வரும்.

அடுப்படி_வாத்தியார் | 1.17

அது முட்டைக்கோஸ் பொரியல். மேலே தேங்காய் தூவிவிட்டால் முடிந்தது, அதற்கு ஒரு தனி இழை எதற்கு?

சைவப்_பட்சி | 1.20

பொரியலை நாம் மஞ்சள் நிறம் மாறாமல் இறக்குவோம், இது கருகலுக்குப் பக்கத்தில் போய்த் திரும்புவது. இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றாக இல்லை.

பர்மிங்ஹாம்_வசந்தா | 1.46

மலர் கண்ணு, இப்போதுதான் பார்த்தேன். அலபாமாவில் எங்கள் சர்ச் சமையலறையில் இதைப் பெரிய அளவில் செய்வோம், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

பன்றி சாப்பிடுவதில் வீட்டில் தடையில்லை என்றால் கனமாக வெட்டிய பேக்கன் அரை பவுண்டு வாங்கிக்கொள். அரை இன்ச் துண்டாக நறுக்கிச் சூடேறாத சட்டியில் போட்டுவிட்டு, அப்புறம் அடுப்பைச் சின்னதாக வை. சூடான சட்டியில் போட்டால் வெளிப்பக்கம் கருகிவிடும், கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் துண்டுகள் சுருங்கி, அவற்றைச் சுற்றிக் கொழுப்பு பொடிப் பொடிக் குமிழியாகக் கொதிக்கும். சடசட சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். துண்டுகளை அரித்துத் தனியே வை. சட்டியில் மூன்று மேஜைக்கரண்டி கொழுப்பு இருந்தால் போதும், மிச்சத்தை வடித்து எடுத்து வை.

கோஸை மெஷினில் போடாதே. பொடியாக அரிந்தால் வெட்டுப்பட்ட இடமெல்லாம் தண்ணீர் விடும். நாலாகப் பிளந்து, தண்டை எடுத்துவிட்டு, ஒரு இன்ச் சதுரமாகக் கையால் நறுக்கு. கழுவினால் துண்டில் கொட்டி நன்றாக ஒற்றி எடு. 12 இன்ச் வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் அதுதான் இதற்கு லாயக்கு. டென்னசியில் 1896லிருந்து லாட்ஜ் கம்பெனி வார்க்கிறது, சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். அது இல்லையென்றால் அகலமான எவர்சில்வர் சட்டி. நான்ஸ்டிக்கை அவ்வளவு சூட்டில் வைக்கக் கூடாது.

அடுப்பை நடுத்தரத்துக்கு மேல் ஏற்றி, வெங்காயத்தை ஒரு வதக்கு வதக்கிவிட்டு, கோஸில் பாதியை மட்டும் போடு. போட்டதும் கிளறாதே. நம் கை சும்மா இருக்காது, ஆனாலும் இரண்டு நிமிஷம் தொடாமல் விடு. அடியில் பழுப்பு ஏறும், அப்புறம் புரட்டு. அது பாதியாக அமுங்கியதும் மிச்சத்தைப் போடு. மூடி வேண்டாம். மொத்தம் பதினைந்து நிமிஷத்துக்குள் வந்துவிடும். பூண்டு, மிளகு, சில்லி ஃபிளேக்ஸ் எல்லாம் கடைசி இரண்டு நிமிஷத்தில். இறக்கியதும் ஒரு மேஜைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் கோஸ் வேகாமல் விறைப்பாகவே நிற்கும்.

டர்க்கி பேக்கன்தான் வேண்டும் என்றால் அதைக் கொஞ்சம் எண்ணெயில் தனியாக மொறுமொறுவென்று வறுத்து எடுத்துவிட்டு, கோஸுக்கு எண்ணெய் ஒரு கரண்டி, வெண்ணெய் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்.

நாளைக்குக் கொண்டுபோகும்போது ஃபாயில் தட்டில் சுடச்சுடப் போட்டு இறுக மூடிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண், ஆவி வேர்த்துத் திரும்பவும் தண்ணீராகிவிடும். கொஞ்சம் ஆறவிட்டு மேலே லேசாக மூடு. அங்கே சூடு பண்ண வேண்டியிருந்தால் ஓவனில் திறந்து வை, மைக்ரோவேவ் வேண்டாம். பேக்கன் துண்டுகளை ஒரு டப்பாவில் தனியாகக் கொண்டுபோய்ப் பரிமாறும்போது தூவு.

நெல்லைச்சீமை | 1.58

உப்பைப் பற்றி வசந்தாம்மா எழுதவில்லை. கடைசியில்தான். மறந்துவிடாதீர்கள்.

பர்மிங்ஹாம்_வசந்தா | 2.02

ஆமாம், கடைசியில்தான். அதுவும் ருசி பார்த்து.

லேப்_ராணி | 2.05

மலர், தட்டுக்குப் பக்கத்தில் "இதில் பன்றி இறைச்சி இருக்கிறது" என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுங்கள். கொழுப்பிலேயே வதக்குவதால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாலும் சாப்பிடாதவர்களுக்கு ஆகாது. பார்த்தால் வெறும் காய் மாதிரிதான் தெரியும்.

சார்லட்_குமார் | 2.20

கார்ன்பிரெட் யாராவது கொண்டுவருகிறார்களா? கொண்டுவந்தால் தொட்டுப் பாருங்கள்.

பிட்ஸ்பர்க்_பாலா | 2.22

தொட எங்கே சாறு இருக்கப்போகிறது? இப்போது இவர் செய்யப்போவது சாறு இல்லாத வகை.

சார்லட்_குமார் | 2.31

வாதத்துக்குச் சொல்லவில்லை. அடியில் கொஞ்சமாவது ஊறும்.

மேரியட்டா_மலர் | ஞாயிறு, மாலை 6.15

வசந்தாம்மா சொன்னபடி செய்தேன், கனமான பன்றி பேக்கன் வாங்கி. இரும்புச் சட்டி எதிர்வீட்டில் இரவல். ஓரம் சிவந்து வந்தது, தண்ணீர் இல்லை. தட்டு காலி. பாட்டி இரண்டு தடவை போட்டுக்கொண்டார், வினிகர் இன்னும் கொஞ்சம் விடலாம் என்றார். எல்லோருக்கும் நன்றி.

அடுப்படி_வாத்தியார் | 7.40

சட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவிக் கொடுங்கள். ஈரத்தோடு கொடுத்தால் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும்.

கொலம்பஸ்_செல்வி | திங்கள், காலை 9.05

இதே பிரச்சினைதான் எனக்கும், ஆனால் நான் வாங்கியது பாக்கெட்டில் சீவி வரும் கோல்ஸ்லா கலவை. அதில் செய்ய முடியுமா?

பர்மிங்ஹாம்_வசந்தா | 9.30

முடியும், ஆனால் சீவல் மெல்லிசு. ஒரு நேரத்தில் இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாதே, ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடு. சட்டி எத்தனை இன்ச் என்று சொல்லு, மிச்சத்தைச் சொல்கிறேன்.