ஒர்க்‌ஷாப் எப்படி 'வர்த்தகம்' ஆகும்?

புதுப்பேட்டைக்காரன்:
மாமாவுக்குக் கார் ஒர்க்‌ஷாப். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவில் என்ஐசி குறியீடு, அதாவது என்ன தொழில் என்று காட்டும் எண், கேட்டது, 45200 போட்டோம். பார்த்தால் வர்த்தகப் பிரிவு. கை முழுக்க கிரீஸோடு நிற்கிற மனுஷன் எப்படி வியாபாரி? உலக அளவிலான தொழில் வகைப்பாடு ஐஎஸ்ஐசி, அதன் புதிய திருத்தத்தில் இது மாறுகிறதாமே?

மாம்பலம் தாத்தா:
மாறுகிறது தம்பி. நம் என்ஐசி 2008, ஐநாவின் ஐஎஸ்ஐசி நான்காம் திருத்தத்தை ஒட்டியது. அதில் வண்டி விற்பதும் பழுதுபார்ப்பதும் வர்த்தகத்துக்குள் ஒரே பிரிவு, எண் 45. 2023 மார்ச்சில் ஐநா புள்ளியியல் ஆணையம் ஏற்ற ஐந்தாம் திருத்தத்தில் அந்த 45 கிடையாது. விற்பனை மொத்த, சில்லறை வர்த்தகப் பிரிவுகளான 46, 47க்குள் போகிறது. ரிப்பேர், 'பிற சேவைகள்' பகுதியில் உள்ள 95க்கு, பழைய செருப்பு தைத்துக் கொடுப்பவரோடு.

நான் கணக்கெடுப்புக்குப் போய்ப் படிவம் நிரப்பிய காலத்தில் ஒரே ஆள் ஸ்பேர் பார்ட்ஸும் விற்பார், இன்ஜினும் பிரிப்பார். எதில் கூட்டிய மதிப்பு (வரவில் வாங்கிய பொருள், சேவைச் செலவு போக மிஞ்சுவது) அதிகமோ அதற்குத்தான் குறியீடு. டீ வாங்கிக் கொடுப்பார்கள், கணக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்!

அண்ணாநகர் வாசகி:
அப்போ ஜிடிபி கூடுமா?

மாம்பலம் தாத்தா:
இந்த இடமாற்றத்தால் மொத்தம் கூடாதும்மா. வர்த்தகத்தின் பங்கு குறையும், பிற சேவைகளின் பங்கு ஏறும். தொல்லை பழைய வருடங்களில்தான். அவற்றையும் புது வகைப்பாட்டில் பிரித்து எழுதாவிட்டால், வர்த்தகம் ஒரே வருடத்தில் சரிந்ததுபோல வரைபடம் காட்டும்.

புதுப்பேட்டைக்காரன்:
மாமாவிடம் சொன்னேன். "ஜிஎஸ்டி மாறுமா?" என்றார்.

மாம்பலம் தாத்தா:
மாறாது. அதற்குக் குறியீடே வேறு.